ஆங்கிலப் பழமொழியும் சீன மாணவரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்கள் சிலருக்கு இணையவழியில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். ஓர் ஆங்கிலப் பழமொழியைச் சொன்னதும், அதற்கு ஈடான சீன மரபுத்தொடர் ஒன்றைக் கண்டுபிடித்து அருகில் எழுதிக்கொள்கிறார்கள். பொருள் விளங்கிவிட்டது என்று அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். இந்தப் பழக்கத்தை நான் ஊக்குவிக்கலாமா, தடுக்க வேண்டுமா?

பதில்: தடுக்க வேண்டாம், தடுத்தாலும் நிற்காது. செங்யூ எனப்படும் அந்தத் தொடர்கள் பெரும்பாலும் நான்கே எழுத்துகளால் ஆனவை. பலவற்றின் பின்னால் பழைய நூலொன்றில் வரும் கதை இருக்கும். பள்ளிப் பருவத்திலேயே மனத்தில் ஊறிவிடுபவை. அவற்றைக் கொண்டுதான் அவர்கள் புதிய மொழியை அளப்பார்கள். ஆனால் காட்சி ஒத்துப்போகும் இணைகளையே நீங்கள் அதிகம் சந்தேகிக்க வேண்டும். காட்சி ஒன்றாக இருந்து தீர்ப்பு வேறாக இருப்பதுதான் மாணவரைக் கவிழ்க்கும்.

இதற்கு மிகச் சரியான எடுத்துக்காட்டு, குதிரை ஓடிப்போன பிறகு லாயத்தின் கதவைப் பூட்டுவது பற்றிய ஆங்கிலப் பழமொழி. உங்கள் மாணவர் இதன் அருகில் ‘வாங் யாங் பு லாவ்’ என்று எழுதியிருக்கக்கூடும். ஆடு தொலைந்த பின் பட்டியைச் செப்பனிடுவது என்பது அதன் நேர்ப்பொருள். இரண்டிலும் விலங்கு போய்விட்டது, இரண்டிலும் அதன் பிறகே அடைப்பு சரிசெய்யப்படுகிறது. ஆயினும் ஆங்கிலம் சொல்வது, இனி என்ன செய்தும் பயனில்லை என்பதை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நாம் சொல்லும்போது இருக்கும் அதே குத்தல் அதில் உண்டு. சீனம் சொல்வதோ, இப்போதாவது சரிசெய்தால் எஞ்சிய ஆடுகள் பிழைக்கும் என்பதை. கி.மு. 278இல் தலைநகர் யிங்கை ச்சின் நாட்டிடம் பறிகொடுத்துத் தவித்த ச்சூ நாட்டு மன்னர், முன்பு தாம் புறக்கணித்த ஜுவாங் ஷின் என்ற ஆலோசகரை மீண்டும் அழைத்துக் கேட்டபோது, ஆடு தொலைந்த பின் பட்டியைச் செப்பனிட்டாலும் காலம் கடந்துவிடவில்லை என்று அவர் தேற்றியதாகப் பழைய நூல் கூறுகிறது. ஆறுதலாகப் பிறந்த அந்தத் தொடர் இன்றும் ஆறுதலாகவே வழங்குகிறது. ஆகவே, ஒரு தவறு நேர்ந்த பின் அலுவலக விதிகளைத் திருத்திய மேலாளரைப் பாராட்ட நினைத்து உங்கள் மாணவர் ஆங்கிலக் குதிரையை எடுத்துவிட்டால், அந்தப் பாராட்டு ஏளனமாகவே போய்ச் சேரும். திருந்துவதற்குக் காலம் கடந்துவிடுவதில்லை என்று ஆங்கிலத்திலேயே வேறொரு பழமொழி இருக்கிறது. ஆட்டுப்பட்டிக்கு இணை அதுதான். ஓடிய குதிரைக்குச் சீனத்தில் இணை வேண்டுமென்றால், திருடன் போன பிறகு கதவைச் சாத்துவது பற்றிய தொடரைக் காட்டுங்கள்.

‘என்னை நேசிப்பவர் என் நாயையும் நேசிக்கட்டும்’ என்ற ஆங்கிலப் பழமொழிக்கும் இதே நிலைதான். வீட்டை நேசிப்பவருக்கு அதன் கூரையில் அமர்ந்த காகமும் பிடித்துப்போகும் என்ற சீனத் தொடரை இதற்கு ஈடாகச் சொல்லும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஆனால் சீனத் தொடர், ஒருவர் மீதுள்ள அன்பு தானாக வழிந்து அவரைச் சார்ந்தவற்றின் மீதும் படிவதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்கிறது. ஆங்கிலத்தில் பேசுபவர் தம் குறைகளையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ளுமாறு நிபந்தனை போடுகிறார். ரோம் ஒரே நாளில் கட்டப்பட்டதல்ல என்பதற்கு, மூன்று ச்சி கனமுள்ள பனிக்கட்டி ஒரு நாள் குளிரில் உறைந்ததல்ல என்பதை இணையாகத் தருவார்கள். இன்றைய அளவில் மூன்று ச்சி ஒரு மீட்டர். ஆனால் ரோம், பெரிய வேலை முடியும்வரை பொறுத்திரு என்று ஊக்கப்படுத்துகிறது. பனிக்கட்டியைப் பெரும்பாலும், நெடுநாளாக முற்றிய பகையையோ சிக்கலையோ பற்றிப் பேசும்போதுதான் சொல்வார்கள்.

கவலையின்றி விட்டுவிடக்கூடிய இணைகளும் உண்டு. சூடாக இருக்கும்போதே இரும்பை அடிப்பது இரு மொழியிலும் ஒன்றே. கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல் என்பது விவிலியத்தின் வழியாகச் சீனத்துக்குள் போனது. டாங்கோ ஆட இருவர் வேண்டும் என்பதற்குச் சீனம் ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்கிறது. அதை உங்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை.

மாணவர்கள் குறிப்பேட்டில் சீன இணையை எழுதட்டும். அதன் கீழே, இதை யார் யாரிடம் சொல்வார், தேற்றுவதற்கா இடித்துரைப்பதற்கா என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியை எழுத முடியாத பழமொழி இன்னும் கற்கப்படவில்லை என்றே கொள்ளலாம்.

கேள்வி: கட்டுரை எழுதச் சொன்னால் ஒவ்வொருவரும் பழமொழியோடுதான் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு நாணயத்துக்கும் இரு பக்கங்கள் உண்டு என்ற வரியைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. இதைப் பிழையென்று குறிக்கலாமா?

பதில்: பிழையென்று குறிக்காதீர்கள், தேவையற்றது என்று குறியுங்கள். சீன எழுத்து மரபில் பொருத்தமான பழந்தொடரை எடுத்தாள்வது கல்வியின் அடையாளம். அதே மதிப்பு ஆங்கிலத்திலும் கிடைக்கும் என்று அவர்கள் எதிர்பார்ப்பது இயல்புதான். ஆனால் இன்றைய ஆங்கிலக் கட்டுரையில், பழமொழி சொல்வதைப் போல என்று அறிவித்துவிட்டு அதை முன்னே வைத்தால், எழுதியவருக்குச் சொந்தமாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றே படிப்பவர் எண்ணுவார். முதல் வாக்கியத்தை அடித்துவிட்டுக் கட்டுரையை மறுபடி படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒன்றும் குறையாது. பழமொழியோடு வாதிடுவதற்காகவோ அதன் எல்லையைக் காட்டுவதற்காகவோ அதை எடுத்தவருக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம்.

கேள்வி: ஆங்கிலேயர் பழமொழியைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள், எங்களுக்குப் புரிவதில்லை என்று மாணவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ‘வென் இன் ரோம்’ என்று தொடங்கித் தோளைக் குலுக்குவதோடு நிறுத்துவது ஆங்கிலப் பேச்சில் சாதாரணம். அந்த ஊராரைப் போலவே நடந்துகொள் என்ற மீதியைக் கேட்பவர் நிரப்பிக்கொள்ள வேண்டும். உங்கள் மாணவர்களுக்கு இது புதிய வித்தையே அல்ல. சீனத்தில் ஷியேஹோயூ என்றொரு வகை உண்டு. முதல் பாதியைச் சொல்லி இரண்டாவதைக் கேட்பவரிடம் விட்டுவிடுவார்கள். களிமண் போதிசத்துவர் (பிறரைக் காப்பவராகப் பௌத்தர் வணங்குபவர்) ஆற்றைக் கடக்கிறார் என்றால் போதும், தண்ணீரில் கரைந்துபோய்த் தன்னையே காத்துக்கொள்ள முடியாதவர் பிறரை எப்படிக் காப்பார் என்பது விளங்கிவிடும். அந்தப் பழக்கத்தை நினைவுபடுத்தி, ஆங்கிலப் பழமொழிகளின் முதல் பாதியை மட்டும் நீங்கள் சொல்லி மீதியை அவர்களைச் சொல்ல வைக்கலாம்.

கேள்வி: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எவற்றிலிருந்து தொடங்கலாம்?

பதில்: நான்கு சொற்களில் முடிபவற்றிலிருந்து. ‘நோ பெய்ன், நோ கெய்ன்’, ‘லைக் ஃபாதர், லைக் சன்’, ‘ஈஸி கம், ஈஸி கோ’ போன்றவை இரண்டிரண்டாகச் சமன்பட்டு நிற்பதால் செங்யூவின் தாளத்தில் பழகிய காதுக்கு உடனே பிடித்துவிடுகின்றன; முழு வாக்கியத்தின் இலக்கணமும் அவற்றுக்குத் தேவைப்படுவதில்லை. ஒன்றில் மட்டும் கவனம் தேவை. ‘ஈஸி கம், ஈஸி கோ’ என்பதை, எளிதில் வந்தது எளிதில் போனது என்று ஒருவர் தம் இழப்பைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்ளலாம். பாடுபட்டுச் சேர்த்த பணத்தைப் பறிகொடுத்து நிற்பவரிடம் அதை ஆறுதல் என்று நினைத்துச் சொல்லிவிடக் கூடாது.