கார்க் கண்ணாடியில் ஒரு முகம்

கேள்வி: நீங்கள் பலமுறை பாராட்டியதை நம்பி 'பானி அண்ட் கிளைட்' பார்த்தேன். இரண்டு கொலைகாரர்களுக்கு அழகாக உடுத்திவிட்டு, காதலிக்கவைத்து, கடைசியில் அவர்களுக்காக நம்மையும் கண் கலங்க வைக்கிறார்கள். இதை எந்த மனசாட்சியோடு உன்னதப் படம் என்கிறீர்கள்?

பதில்: முழு மனசாட்சியோடுதான். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது தப்பான இடத்தில் போய் விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

வங்கிக் கொள்ளைக் காட்சி ஒன்று வருமே, ஞாபகம் இருக்கிறதா? பானியும் கிளைடும் உள்ளே போகிறார்கள். வெளியே காரோடு காத்திருக்கவேண்டிய கூட்டாளி சி.டபிள்யூ. மாஸ், பக்கத்தில் இடம் காலியானதும் சமர்த்தாகக் காரைக் கொண்டுபோய் அதில் நிறுத்திவிடுகிறான். பணப்பையோடு ஓடிவருகிறவர்களுக்கு வண்டியைக் காணோம். கண்டுபிடித்து ஏறினால், முன்னாலும் பின்னாலும் நிற்கிற கார்களை இடித்து இடித்து வெளியே எடுக்கவேண்டியிருக்கிறது. அரங்கமே சிரிக்கிற கட்டம். அந்த நேரத்தில் வங்கி ஊழியர் ஒருவர், வயதானவர், மூக்குக் கண்ணாடி போட்டவர், ஓடிவந்து காரின் பக்கவாட்டுப் படியில் தொற்றிக்கொள்கிறார். கிளைட் திரும்பிச் சுடுகிறான். கார்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரத்தமாய் ஒரு முகம்.

சிரித்த வாயை நம்மால் உடனே மூட முடிவதில்லை. இயக்குநர் ஆர்தர் பென் அதைத்தான் விரும்பினார். அதற்கு முன்பு ஹாலிவுட்டில் துப்பாக்கி ஒரு ஷாட்டில் வெடிக்கும், ஆள் அடுத்த ஷாட்டில் விழுவான், சட்டையில் ஒரு சொட்டு ரத்தம் இருக்காது. சாவுக்கு வலியே இல்லாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களை யாரும் மனசாட்சி பற்றிக் கேட்டதில்லை. இந்தப் படம் சுட்டவனையும் சுடப்பட்டவரையும் ஒரே கண்ணாடியின் இரண்டு பக்கம் வைத்துக் காட்டியது. கொலையை அழகாக்க நினைக்கிறவர் அந்த முகத்தை நமக்குக் காட்டியிருப்பாரா?

அடுத்து வருவது இன்னும் கொடுமை. மூவரும் ஒரு சினிமாக் கொட்டகையில் ஒளிந்திருக்கிறார்கள். கிளைட் ஆத்திரத்தில் மாஸைத் திட்டித் தீர்க்கிறான். பானியோ திரையில் ஓடும் பாட்டிலும் நடனத்திலும் லயித்துப்போயிருக்கிறாள். அங்கே ஒரு மனிதர் செத்துக் கிடக்கிறார், இங்கே இவள் சினிமாவை ரசிக்கிறாள். இந்த ஒரு காட்சிக்காகவே, பானியாக நடித்த ஃபே டனவேயை எனக்குப் பிடிக்கும்.

உங்கள் கேள்வி புதியதும் இல்லை. 1967 ஆகஸ்டில் படம் வந்தபோது நியூயார்க் டைம்ஸின் பாஸ்லி கிரவுதர் இதே குற்றச்சாட்டைத்தான் வைத்தார், கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. நியூஸ்வீக்கின் ஜோ மார்கன்ஸ்டர்னும் முதலில் கிழித்துத்தான் எழுதினார். அப்புறம் ரசிகர் கூட்டத்தோடு உட்கார்ந்து இன்னொரு முறை பார்த்தார். அடுத்த வாரமே, தான் எழுதியது தவறு என்று அதே பத்திரிகையில் எழுதினார். நியூயார்க்கரில் பாலின் கேல் எழுதிய நீண்ட கட்டுரையும் சேர்ந்து படத்தை மறுபடி தூக்கி நிறுத்தியது. பத்து ஆஸ்கர் பரிந்துரைகள், இரண்டு விருதுகள். விருதை விடுங்கள், அச்சில் வந்த தன் கருத்தை ஒரே வாரத்தில் திருத்திக்கொண்ட அந்த விமர்சகர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

சரி, நீங்கள் கோபப்பட்டிருக்கவேண்டிய இடத்துக்கு வருகிறேன். படம் வன்முறையைப் பற்றி உண்மை பேசுகிறது. மனிதர்களைப் பற்றித்தான் பொய் சொல்கிறது.

வங்கி வீட்டைப் பிடுங்கிக்கொண்ட ஒரு விவசாயியிடம் கிளைட் துப்பாக்கியைக் கொடுத்து, வங்கியின் அறிவிப்புப் பலகையைச் சுடச் சொல்லும் காட்சி வருகிறது. அற்புதமான காட்சி. ஆனால் 1930களில் நிஜமாகவே வாழ்ந்த கிளைட் பாரோவின் கும்பல் அதிகமும் புகுந்தது சின்ன மளிகைக் கடைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும்தான். 1932 ஏப்ரலில் டெக்சாஸின் ஹில்ஸ்பரோவில் அவர்கள் கொள்ளையடிக்கப் போய்ச் செத்தவர் ஒரு கடைக்காரர். அந்தப் பஞ்ச காலத்தில் கடை வைத்திருந்தவரும் அன்றாடங்காய்ச்சிதானே? மொத்தம் பதின்மூன்று கொலைகள் அந்தக் கும்பலின் கணக்கில் உண்டு.

அப்புறம் அவர்களைத் துரத்திய போலீஸ் அதிகாரி ஃபிராங்க் ஹேமர். படத்தில் இந்த முன்னாள் டெக்சாஸ் ரேஞ்சரைப் பிடித்துக் கைவிலங்கு மாட்டி, முத்தம் கொடுத்து அவமானப்படுத்திப் படகில் தள்ளிவிடுகிறார்கள். அந்த வஞ்சத்துக்காகவே அவர் துரத்துவது போல் கதை போகிறது. நடக்கவே நடக்காத விஷயம். 1934 மே 23 அன்று லூசியானாவில், கிப்ஸ்லாந்து பக்கத்துச் சாலையில் மறைந்திருந்து இருவரையும் சுட்டுக் கொல்வதற்கு முன் ஹேமர் அவர்களிடம் ஒருபோதும் சிக்கியதில்லை. அவருடைய மனைவியும் மகனும் வழக்குப் போட்டார்கள். 1971இல் பட நிறுவனம் பணம் கொடுத்துத்தான் அதைத் தீர்த்துக்கொண்டது. செத்துப்போன மனிதர் வந்து பதில் சொல்ல முடியாது என்பதால் அவரை வில்லனாக்கியது பெரிய பிழை. அதை நான் என்றும் ஆதரித்ததில்லை.

பானியின் காலைப் பற்றியும் சொல்லவேண்டும். 1933 ஜூனில் டெக்சாஸின் வெலிங்டன் அருகே கார் கவிழ்ந்து, பேட்டரி அமிலம் கொட்டி, அவள் வலது கால் வெந்துபோனது. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. சாகும்வரை நொண்டித்தான் நடந்தாள், பல நேரம் கிளைட் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருந்தது. அவனுக்கும் நடை சரியில்லை. ஈஸ்ட்ஹாம் சிறைப் பண்ணையின் வேலைக்குப் பயந்து ஒரு காலில் இரண்டு விரல்களை வெட்டிக்கொண்டவன். பாதி நாள் காரிலேயே தூங்கிய, நொண்டி நடந்த, 23 வயதுப் பெண்ணும் 25 வயது ஆணும்தான் நிஜமானவர்கள். டனவேயின் பெரே தொப்பியும் கிளைடாக நடித்த வாரன் பீட்டியின் கோட்டும் உலகத்துக்கே ஃபேஷன் ஆயின. அந்த வெந்த காலைக் காட்டியிருந்தால் தொப்பி அவ்வளவு விற்றிருக்காது. அழகாக உடுத்திவிட்டார்கள் என்று நீங்கள் எழுதிய சொல் இந்த இடத்தில் மிகச் சரி.

இன்னும் ஒன்று, எனக்கு இன்றுவரை ஆறாதது. 1934 ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறு. டெக்சாஸின் கிரேப்வைன் பக்கத்தில் சாலையோரம் ஒரு கார் நிற்பதைப் பார்த்து, யாருக்கோ உதவி தேவைப்படுகிறது என்று நினைத்து மோட்டார் சைக்கிளில் நெருங்கிய இரண்டு நெடுஞ்சாலைக் காவலர்களைப் பாரோ கும்பல் சுட்டுக் கொன்றது. ஒருவருக்கு அந்த மாதமே கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு வைத்திருந்த உடையைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண் அவருடைய இறுதிச் சடங்குக்கு வந்தாள். பானியின் அம்மாவுக்குப் படத்தில் இடம் இருக்கிறது, அதுவும் மறக்க முடியாத காட்சி. இந்தப் பெண்ணுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அவளைச் சொல்லி என்னிடம் சண்டைக்கு வந்திருந்தீர்கள் என்றால், படத்தின் பக்கம் நின்று பேச எனக்கு வார்த்தை இருந்திருக்காது.

அந்த வங்கிக் காட்சியை மட்டுமாவது இன்னொரு தடவை பாருங்கள். அப்போதும் கோபம் தீரவில்லை என்றால் எழுதுங்கள், அப்படியே பிரசுரிக்கிறேன்.