அரசுப் பணியிலிருந்து அறக்கட்டளைக்கு

கேள்வி: அரசில் உயர் பொறுப்பு வகித்தவர்கள் பின்னர் பெரிய அறக்கட்டளைகளுக்குச் செல்வது வெறும் பதவி ஆசை என்கிறார் என் நண்பர். உங்கள் கருத்து என்ன?

பதில்: எல்லோரையும் அப்படி எடைபோடுவது நியாயமாகாது. அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபேகியைப் பாருங்கள். 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் பெரியம்மை தலைகாட்டியபோது, எல்லோருக்கும் போடத் தடுப்பூசி போதவில்லை. அவரும் உடன் பணியாற்றியவர்களும், மிஷனரிகளிடம் இருந்த ரேடியோக்கள் வழியாக எந்தெந்த ஊரில் நோய் இருக்கிறது என்று விசாரித்து, வரைபடத்தில் குறித்து, நோயாளிகளைச் சுற்றியிருந்தவர்களுக்கு முதலில் ஊசி போட்டு, நோய் பரவும் வழியை அடைத்தார்கள். இந்த உத்தியே பின்னர் இந்தியாவிலும் கைகொடுத்தது. 1975இல் அங்கே பெரியம்மை ஒழிந்தது.

1977 முதல் 1983 வரை அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையங்களுக்குத் தலைமை வகித்த அவர், அதன்பின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் நிறுவிய கார்ட்டர் மையத்திலும், 1999 முதல் கேட்ஸ் அறக்கட்டளையின் ஆலோசகராகவும் பணியாற்றினார். ஆனால் என் மதிப்பில், 1984இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், உலக வங்கி, ராக்ஃபெல்லர் அறக்கட்டளை போன்றவை குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்துக்காக ஒன்றுசேர்ந்து அமைத்த பணிக்குழுவை அவர் வழிநடத்தியதே பெரிய சாதனை. ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் செல்லும் துறையில் அவற்றை ஒரே மேசையில் அமர்த்துவதற்கு, அரசு இயந்திரத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவரே வேண்டும்.

நண்பரின் ஐயத்தில் ஒரு நியாயம் உண்டு: அறக்கட்டளைகள் வாக்காளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அங்கே செல்பவர், எந்த நாட்டில் பணம் செலவாகிறதோ அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் முடிவுக்கு இடம் கொடுக்கிறாரா என்பதையே நாம் கேட்க வேண்டும்.