கேம் தேய்வது ஏன்? பட்டறைக் கேள்வி–பதில்

கேள்வி: 1969 கமாரோவின் 350 வி8 இன்ஜினை முழுக்கப் பிரித்துக் கட்டி, கொஞ்சம் பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தண்டு) போட்டோம். ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை, தட்டும் சத்தம். திறந்தால் இரண்டு லோப்கள் (அந்தத் தண்டின் முட்டை வடிவ மேடுகள்) மழுங்கிக் கிடக்கின்றன. கேம் போலியா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: கேமைச் சந்தேகிக்கும் முன், முதல் 20 நிமிடம் இன்ஜினை எப்படி ஓட்டினீர்கள் என்று பாருங்கள். உருளை இல்லாமல் லிஃப்டர் நேராக உரசும் ஃப்ளாட் டேப்பெட் கேமில் லோப் லேசாகச் சரிந்திருக்கும். லோப் மீது உட்கார்ந்து வால்வை இயக்கும் லிஃப்டரின் அடிப்பகுதி மயிரிழை புடைத்திருக்கும். அதனால்தான் லிஃப்டர் சுழன்றபடியே ஏறி இறங்குகிறது. சுழற்சி நின்றால் ஒரே இடத்தில் உரசி, லோப் சில நிமிடங்களில் போய்விடும்.

லோப்களுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் வீசியடிப்பதில்தான் கிடைக்கிறது. ஐட்லிங்கில் அது போதாது. ஸ்டார்ட் ஆனதுமே 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம்.முக்கு ஏற்றி, கூட்டிக் குறைத்து 20 நிமிடம் ஓட்ட வேண்டும். இன்றைய கார்களுக்கான ஆயில்களில், கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காக, தேய்மானம் தடுக்கும் துத்தநாகச் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள். துத்தநாகம் 1,200 பி.பி.எம்.முக்குக் குறையாத பிரேக்-இன் ஆயில் (புது இன்ஜினின் முதல் ஓட்டத்துக்கானது) ஊற்றுங்கள்.

புது கேமுக்குப் பழைய லிஃப்டர் கூடவே கூடாது. லோப்களிலும் லிஃப்டர் அடியிலும் மாலிப்டினம் பேஸ்ட் பூசுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, பிரைமிங் கருவியை டிரில்லில் மாட்டி ஆயில் பம்பைச் சுழற்றுங்கள். வால்வுகளை அழுத்தும் 16 ராக்கர்களிலும் ஆயில் வரும்வரை விடாதீர்கள். இரட்டை வால்வ் ஸ்பிரிங் என்றால், லோப் மீது அழுத்தம் குறைய, உள் ஸ்பிரிங்கை அந்த 20 நிமிடத்துக்குக் கழற்றிவிடலாம். இக்னிஷன் டைமிங்கை முன்பே வைத்து, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிரப்பினால் முதல் சுற்றிலேயே பிடிக்கும். செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பேஸ்ட் வழிந்துவிடும். சென்னை வெயிலில் நின்ற இடத்தில் 20 நிமிடம் என்பது ரேடியேட்டருக்குப் பெரிய சோதனை; விடியற்காலையில், முன்னால் பெரிய ஃபேன் வைத்துச் செய்யுங்கள். முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

இப்போதைக்கு கேமை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். தேய்ந்த இரும்புத்தூள் பேரிங்குகளுக்குள் போயிருக்கும். மறுபடி முழுதாகப் பிரித்து, ஆயில் வழிகளைக் கழுவத்தான் வேண்டும். மனம் வலிக்கும், வேறு வழியில்லை.

கேள்வி: கான்டெஸாவில் ஆறு சிலிண்டர் இன்ஜின் வைக்கலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: இடம் இருக்கிறது, சட்டம்தான் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும் மாற்றங்களைத் தடுக்கிறது. முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்குக்கு மட்டுமான கார் என்றால், பிரேக்கையும் ரேடியேட்டரையும் பெரிதாக்கிவிட்டு இன்ஜினுக்கு வாருங்கள்.

கேள்வி: இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) போட்ட பிறகு என் மஸ்டாங் திணறுகிறது. ஹோஸும் கசிகிறது.
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் பழைய ஜெட்டில் கலவை 7, 8 சதவீதம் மெலிந்துவிடும். ஜெட்டின் விட்டம் சுமார் 4 சதவீதம் கூட வேண்டும்: ஹோலி கார்புரேட்டரில் ஓரிரு எண் பெரிய ஜெட்டில் தொடங்கி, ஸ்பார்க் பிளக் நிறம் பார்த்து நகருங்கள். ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், ஊசி வால்வ் முனை மூன்றையும் எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பருக்கு மாற்றுங்கள். எத்தனால் பழைய டேங்கின் அழுக்கைக் கரைத்துக் கொண்டுவரும். முதல் இரண்டு மாதம் ஃபில்டரை அடிக்கடி மாற்றுங்கள். கடற்காற்று ஈரத்தையும் அது இழுக்கும், எனவே வண்டியை நிறுத்தி வைக்கும்போது டேங்க் நிறைந்திருக்கட்டும்.