துணை தேடும் செயலிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 27 வயது. சேலம் அம்மாப்பேட்டையில் வீடு, ஃபேர்லேண்ட்ஸில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. மேட்ரிமோனி தளத்தில் என் பெயரில் அப்பா ஒரு ப்ரொஃபைல் வைத்திருக்கிறார். பட்டுப்புடவை கட்டிய படம், நட்சத்திரம், சாதி, சம்பளம் எல்லாம் அதில் உண்டு. வீட்டுக்குத் தெரியாமல் ஒரு டேட்டிங் செயலியில் நானே இன்னொன்று வைத்திருக்கிறேன். அதில் முதுகு காட்டி நிற்கும் படம் மட்டும்தான். இனிச் செயற்கை நுண்ணறிவே ஆளைத் தேர்ந்தெடுத்து, நமக்காகப் பேசவும் செய்யும் என்கிறாள் பெங்களூருத் தோழி. அப்படியானால் அது அப்பாவின் தரகரிலிருந்து எப்படி வேறுபடும்? என் போன்றவர்களுக்கு இதனால் எதிர்காலம் ஏதும் உண்டா?

க., சேலம்

அன்புள்ள க.,

தேர்ந்தெடுப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சமந்தா ஜோயலும் அவருடன் இணைந்து பணியாற்றிய உளவியல் ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாத ஆண்களையும் பெண்களையும் சில நிமிடங்கள் சந்தித்துப் பேசவைத்தார்கள். அதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் நூற்றுக்கு மேற்பட்ட இயல்புகளையும் விருப்பங்களையும் கேட்டு வாங்கியிருந்தார்கள். பிறகு அவற்றைக் கணினியிடம் கொடுத்துக் கணிக்கச் சொன்னார்கள். பலருக்கும் பிடித்துப்போகிறவர் யார், பலரையும் எளிதில் விரும்புகிறவர் யார் என்பதை அது ஓரளவு கணித்தது. இன்னாருக்கு இன்னாரைக் குறிப்பாகப் பிடிக்கும் என்பதைக் கணிக்க முடியவில்லை. கணினியின் ஆற்றல் இன்று எவ்வளவோ பெருகிவிட்டது என்றாலும், இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசும்போது உண்டாகும் ஒன்று, அதற்கு முன் நிரப்பித் தந்த படிவத்தில் இருக்க வழியில்லை என்றே நினைக்கிறேன். ஆகவே செயலியும் தரகரைப் போல அறிமுகம் செய்துவைக்கலாம், அவ்வளவுதான். ஆனால் தரகர் சாதியைக் கேட்காமல் நோட்டைத் திறப்பதில்லை. செயலியில் அதைக் கேட்காமலே ஒருவரைச் சந்திக்க முடிகிறது. இது சிறிய வேறுபாடு அன்று.

உங்களுக்காக அது பேசுவதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒருவர் எந்தக் கேள்விக்குத் தயங்குகிறார், எதை இரண்டு நாள் கழித்துச் சொல்கிறார், எதைக் கடைசிவரை சொல்லாமல் விடுகிறார் என்பதிலிருந்துதான் நாம் அவரை அறியத் தொடங்குகிறோம்.

உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது அந்த முதுகு காட்டிய படம். பெங்களூரில் 20 கிலோமீட்டருக்குள் தேடினால் முன்பின் அறியாத முகங்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். சேலத்தில் அதே தொலைவில் ஊர் முழுவதும் அடங்கிவிடுவதால், கல்லூரித் தோழரும் அலுவலக வாடிக்கையாளரும் சித்தப்பா மகனின் நண்பரும் சில நாட்களிலேயே திரையில் வந்துவிடுகிறார்கள். தொலைபேசியில் உள்ள எண்களுக்கு உங்கள் பக்கம் தென்படாதவாறு தடுக்கும் வசதியை டிண்டர் 2021-இல் கொண்டுவந்தது. சித்தப்பா மகனின் எண்ணைத் தடுத்துவிடலாம். அவருடைய நண்பரின் எண் உங்களிடம் இருக்காதே. ஆகவே முகத்தை மறைக்கிறீர்கள். ஏமாற்ற வருகிறவனும் மறைக்கிறான் அல்லது வேறொருவர் முகத்தை மாட்டிக்கொள்கிறான். அச்சத்தால் மறைந்திருக்கும் பெண்ணும் பணம் பறிக்க மறைந்திருப்பவனும் எதிரில் இருப்பவருக்கு ஒன்றுபோலவே தெரிவதுதான் நம் ஊர்களில் இந்தச் செயலிகளின் பெரிய குறை. நேரலைக் காணொளியில் முகத்தைச் சரிபார்க்கும் முறை இப்போதே சில செயலிகளில் இருக்கிறது. ஆள் உண்மையானவர் என்பதை நிறுவனம் உறுதிசெய்துகொண்டு, முகத்தை அவர் இசைந்த ஒருவருக்கு மட்டுமே காட்டும் ஏற்பாடு பொதுவழக்கமாக வேண்டும். செயற்கை நுண்ணறிவை அங்கே பயன்படுத்தட்டும். போலிப் படத்தையும், நாலு நாள் பழக்கத்தில் முதலீடு, கிரிப்டோ என்று பேச்சை மாற்றுகிறவனையும் கண்டுபிடிக்கட்டும். அப்படி யாரிடமாவது பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக் காலம் கடத்தாமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

உங்கள் அச்சம் செயலியால் வந்தது அன்று. ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர் கோகுல்ராஜ், 2015 ஜூனில், உடன் படித்த வேறு சாதித் தோழியோடு திருச்செங்கோடு கோவிலில் பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். குற்றவாளிகளுக்கு 2022-இல் மதுரை நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. கோகுல்ராஜும் அந்தத் தோழியும் பழகியது செயலியில் அன்று, கல்லூரியில்தான். வயது வந்த இருவர் மணம்செய்ய இசைந்தபின் குடும்பத்தின் ஒப்புதலோ சமூகத்தின் ஒப்புதலோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சக்தி வாகினி வழக்கில் தெளிவாகச் சொன்னது. அச்சுறுத்தப்படும் இணைகளைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்கவும் ஆணையிட்டது. நம் பெண்கள் முகம் காட்டித் துணை தேடும் காலம் வருவது, இந்த ஆணை காகிதத்தை விட்டு இறங்கி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் நடைமுறையாவதைப் பொறுத்தது. அதை எந்த நிறுவனமும் புதிய பதிப்பில் சேர்த்துத் தந்துவிட முடியாது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். யாரையேனும் பார்க்க முடிவுசெய்தால், முதல் சந்திப்புக்கு ஏற்காடு வேண்டாம். அவருடைய வண்டியில் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போய்விட்டால், திரும்புவதும் அவர் விருப்பப்படிதான் என்றாகிவிடும். ஐந்து ரோட்டுப் பக்கம் ஆள்நடமாட்டமுள்ள உணவகம் ஒன்றில், பகல் வேளையில் சந்தியுங்கள். நீங்களே பேருந்திலோ உங்கள் வண்டியிலோ போய்வாருங்கள். எங்கே, யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பெங்களூருத் தோழியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.