வேலைக்கும் போய்க்கொண்டு, வாராவாரம் ஓவியமும் பருவத்துக்கேற்ற கைவினையும் செய்ய ஓர் ஒழுங்கை எப்படி அமைத்துக்கொள்வது?

வேலை, வீடு, பிள்ளைகள் ஆகியவற்றுக்கு நடுவே வாரந்தோறும் படம் வரையவும், பண்டிகைக்கும் பருவத்துக்கும் ஏற்ற கைவேலைகளைச் செய்யவும் ஓர் அட்டவணை வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ராமநாதபுரம் மாவட்டத்தில், கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் இடைப்பட்ட கடலோரத்தில் வசிப்பவள். ஆகவே என் பதிலில் பனையும் காற்றும் சற்று அதிகமாகவே வரும்.

பெரும்பாலான அட்டவணைகள் கிழமையையும் மணியையும் முதலில் குறித்துவிட்டு, அந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்பதைப் பிறகு யோசிக்கின்றன. என்னைக் கேட்டால் அது தலைகீழான வழி. ஒரு பொருள் எந்த மாதத்தில் கிடைக்கும், எத்தனை நாள் ஊற வேண்டும், எந்தக் காற்றில் நன்றாகக் காயும் என்பவற்றை முதலில் எழுதிக்கொண்டு, கிழமைகளை அவற்றுக்கு ஏற்பப் பொருத்த வேண்டும். வாரத்துக்கு இரண்டு பொழுதுகள் போதும்: வார நடுவில் ஒரு மாலை ஆயத்த வேலைக்கு, ஞாயிற்றுக்கிழமை காலை செய்கைக்கு. இரண்டையும் ஒரே நாளில் வைத்தால், பொருளைத் தயார் செய்வதற்குள் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும், நமக்கும் அடுப்பு வேலை வந்துவிடும்.

கொட்டான் எனப்படும் சிறு பனையோலைக் கூடையையே எடுத்துக்கொள்ளுங்கள். மரமேறுபவரிடம் முன்கூட்டிச் சொல்லிவைத்து வாங்கி, முந்தைய நாள்களிலேயே வெளுக்கும்வரை வெயிலில் காயவைத்த குருத்தோலையின் ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வகிர்ந்து சுருட்டி வைப்பது புதன்கிழமை மாலை வேலை. சனிக்கிழமை இரவு அதைத் தண்ணீரில் நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டால், மறுநாள் காலையில் எப்படி மடக்கினாலும் ஓலை முறியாது. அடியைப் பாய் பின்னலாகச் சதுரமாகப் பின்னுவது யாருக்கும் வந்துவிடும். சிக்கல் பக்கங்களை எழுப்பும்போதுதான். சதுரத்தின் மூலையில்தான் கொட்டானின் மூலையும் வரும் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் உள்ள இரண்டு ஓலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே மாட்டி இழுக்கும்போதுதான் அந்த இடம் மூலையாக எழும்பும். இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு முழுக் காலைப்பொழுது தேவைப்படும். அன்றைக்கு வேறு எதையும் திட்டமிடாதீர்கள்.

இனி ஆண்டின் போக்கு. பங்குனியை ஒட்டி வரும் குருத்தோலை ஞாயிறுக்குப் பாம்பன், தங்கச்சிமடம் போன்ற ஊர்களில் ஓலைச் சிலுவை பின்னுவார்கள். கைபழகாதவர்கள் தொடங்குவதற்கு அதைவிட எளிய வேலை கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பெரும்பகுதி பள்ளி விடுமுறையாகவும் இருப்பதால், வீட்டில் ஆள் இருக்கும் அந்த நாள்களைப் பெரிய பெட்டி, பாய் போன்ற கூட்டு வேலைகளுக்கு ஒதுக்கலாம்.

ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் எனப்படும் மேல்காற்று வீசும்போது ஓலை வேலையை நிறுத்திவிடுங்கள். நனைத்த ஓலைகூடக் கையில் இருக்கும்போதே உலர்ந்து வெடிக்கும். அதே காற்று காகிதக்கூழுக்கு வரப்பிரசாதம். பழைய செய்தித்தாள்களைக் கிழித்து, தினமும் தண்ணீர் மாற்றிச் சில நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து அரைத்து, கவிழ்த்த பாத்திரத்தின் மேல் அப்பினால், கூடையோ பொம்மையின் உடலோ காற்றிலேயே காய்ந்து இறுகும். வெந்தயத்தின் பசை பிடித்துக்கொள்ளும். கசப்பு பூச்சியை அண்டவிடாது. நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மை செய்ய விரும்புகிறவர்கள் ஆவணிக்குள் கூழ் வேலையை முடித்து, புரட்டாசியில் வண்ணம் தீட்டுவதை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் பக்கத்துக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடுதான் வருகிறது. அந்த ஈரத்தில் வைத்த கூழ் காயாமல் பூஞ்சை பிடித்துவிடும்.

கார்த்திகைத் தீபத்தன்று தீப்பொறி பறக்கச் சுற்றும் மாவளிக்கும் இதே கணக்குதான். ஆண் பனையின் காய்ந்த பூவை எரித்து, தணல் நிலையில் மண்ணைப் போட்டு மூடிக் கரியாக்கி, பொடித்து, பழைய பருத்தித் துணியில் இறுக்கிச் சுருட்டி, பிளந்த பனைமட்டைக்கு நடுவே வைத்துக் கட்டுவார்கள். தீபம் மழைக்காலத்தில் வருவதால், கரியை அதற்கு முன்பே இடித்து டப்பாவில் அடைத்து வைக்க வேண்டும். நமுத்த கரியில் பொறி பறக்காது. சுற்றுவதைப் பெரியவர்கள், திறந்த வெளியில், பருத்தி உடையோடு மட்டும் செய்யட்டும். மழை வாரங்களில் புள்ளிக்கோலங்களை நோட்டில் போட்டுப் பழகினால், மார்கழி முதல் நாள் வாசலில் தடுமாற வேண்டியிருக்காது.

ஓவியத்துக்கு இந்தக் கட்டுப்பாடுகள் குறைவு என்பதால், அதை வார அட்டவணையில் சேர்க்காமல், இரவுச் சாப்பாட்டுக்கு முன் கால்மணி நேரப் பழக்கமாக வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. மழைக்காலத்தில் நீர்வண்ணம் உலர நெடுநேரம் பிடிக்கும். அப்போது பென்சிலும் பேனாவும் போதும். ஒரே பொருளைப் பல வாரங்கள் வரைவது, தினம் ஒரு புதுப் பொருளைத் தேடுவதைவிடக் கண்ணை வேகமாகப் பழக்கும். பாம்பன் பக்கம் இருப்பவர்களுக்குப் பாலமே போதுமான பாடம்: 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலெழுந்தது, 2025இல் திறக்கப்பட்ட புதியதில் அது ஒரே துண்டாக நேர்செங்குத்தாக உயரும். இந்த வேறுபாட்டைச் சரியாக வரைந்துவிட்ட பிள்ளைக்கு அளவும் கோணமும் தாமாகவே பிடிபட்டிருக்கும்.

கடற்கரைக்காரர்கள் என்றாலே சங்கு வேலை செய்வார்கள் என்று எண்ணி, அதையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பவளப் பாறைகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் துண்டாக இருந்தாலும் எடுக்காதீர்கள். சில சங்கு வகைகளுக்கும் இந்தச் சட்டப் பாதுகாப்பு உண்டு. எது எந்த வகை என்று பிரித்தறியத் தெரியாதவர்கள் சங்கை விட்டுவிட்டு, அறுந்த வலைத் துண்டையும் கயிற்றையும் பயன்படுத்தலாம். அவற்றைக் கரையிலிருந்து அகற்றுவதில் யாருக்கும் நட்டம் இல்லை.

வாரம் தவறினால் அடுத்த வாரத்தில் இரட்டிப்பாகச் செய்ய முயல வேண்டாம். எந்த வேலை காத்திருக்கும், எது காத்திருக்காது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊறவைத்த காகிதம் நாறிவிடும்; ஆகவே வேலைப்பளு தெரிந்த வாரத்தில் அதைத் தொடங்கக் கூடாது. பாதி முடைந்த கொட்டானோ, நன்றாக உலரவிட்டுச் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. திரும்ப எடுக்கும்போது முனைகளை மட்டும் தண்ணீரில் நனைத்து, விட்ட இடத்திலிருந்தே பின்னலாம்.