பன்பற்றைக்குள் விடாமல் கத்துகிற குருவி எது? அதை எப்படிப் பார்ப்பது?

கொழும்புக்குப் பக்கத்து அத்திடிய ஈரநிலப் பக்கம் விடிய நடக்கப் போனபோது பன்பற்றைக்குள், அதாவது தண்ணீரில் வளர்கிற கோரைப்புல் பற்றைக்குள், ஏதோ ஒன்று விடாமல் கத்தியது, தவளையா குருவியா என்றே தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். "கர்ர கர்ர கரீட் கரீட்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வைத்துச் சொன்னால் நாணல் கதிர்க்குருவிதான். நாணல் கதிர்க்குருவிகளில் பெரிய வகை, 18 முதல் 20 சென்ரிமீற்றர் இருக்கும். நூல்களில் அறிவியல் பெயராக ஆக்ரோசெபாலஸ் ஸ்டென்டோரியஸ் என்று பார்த்திருப்பீர்கள். ஸ்டென்டோர் என்பவன் கிரேக்கரின் துரோயப் போர்க் கதையில் ஐம்பது பேரின் குரல் ஒருவனுக்கே வாய்த்த ஆள். பொருத்தமான பெயர்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், ஞாயிறு விடிய ஓட்டோ பிடித்து அங்கே போய்விடுவேன். முதல் மூன்று மாதம் சத்தம் மட்டும்தான் கிடைத்தது. அப்புறம் ஒருநாள், மழை விட்டு வெயில் எறிக்கத் தொடங்கிய நேரம், ஒன்று தண்ணீர் மட்டத்திலிருந்து தண்டைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறி வந்தது. ஒரு கால் ஒரு தண்டில், மற்றக் கால் பக்கத்துத் தண்டில். உச்சிக்கு வந்ததும் தலைமயிர் சிலிர்க்க, தொண்டை உப்ப வாயைத் திறந்தது, உள்ளே நல்ல செம்மஞ்சள். உடம்பெல்லாம் வெறும் மண்ணிறம், வயிறு வெளிர், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாட்டு முடியும்வரை நான் மூச்சுக்கூட விடவில்லை.

இதற்குத் தண்ணீரில் நிற்கிற உயரமான பன்னும் நாணலும் அடர்த்தியாக வேண்டும். கூட்டை வைக்கக் கிளை தேடாது, பக்கத்துப் பக்கத்துத் தண்டுகள் சிலவற்றைச் சேர்த்து இலைநாரால் சுற்றிப் பின்னி, நடுவில் ஆழமான கிண்ணம்போலக் கட்டும். காற்றடித்தால் தண்டோடு கூடும் சேர்ந்து ஆடும், கிண்ணம் ஆழம் என்பதால் முட்டை உருண்டு விழாது. மூன்று முதல் ஆறு முட்டை இடும். பூச்சி, சிலந்தி என்று சாப்பாடும் அதே பற்றைக்குள்தான். அதனால் பன்னை வெட்டினால் அந்த இடத்தில் வீடும் போச்சு, சாப்பாடும் போச்சு. நான் வழக்கமாக நின்று பார்க்கிற ஓரம் ஒன்றில் போன வருடம் யாரோ லொறி லொறியாக மண் கொட்டி மூடிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு போனபோது அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பெல்லன்வில-அத்திடிய 1990இலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, கொழும்புக்கு 2018இல் ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தமான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரமும் கிடைத்தது. அப்படியிருந்தும் ஓரங்கள் இப்படித்தான் போகின்றன, எனக்கு அது தாங்கவில்லை.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். செப்டெம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை வீட்டுத் தோட்டத்துச் செடிக்குள் "சக், சக்" என்று ஒரு சின்னக் குருவி கேட்கும். அது பிளைத் நாணல் கதிர்க்குருவி, வடக்கே இருந்து குளிர்காலம் கழிக்க வருவது. நீங்கள் கேட்டது இங்கேயே குஞ்சு பொரிக்கிற நம்முடையது.

பார்க்க வேண்டுமென்றால் ஆறு மணிக்கு முன்பே போய், தண்ணீருக்கு இந்தப் பக்கமாக ஒரே இடத்தில் அசையாமல் நில்லுங்கள். பற்றையை விலக்கிப் பார்க்காதீர்கள், உள்ளே கூடு இருக்கலாம். சத்தம் வருகிற இடத்தில் எந்தத் தண்டு காற்றில்லாமல் ஆடுகிறது என்று பாருங்கள், அதில்தான் ஏறிவரும்.