முட்டுக்கட்டையில் தொடங்கும் கணக்கு

கேள்வி: சென்னையிலிருந்து தூத்துக்குடி வான்வழியில் ஏறத்தாழ 525 கி.மீ. மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகும் ஏ.டி.ஆர். என்னும் சிறிய விசிறி விமானம் ஒரு மணி மூன்று நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறதே, மீதி நேரம் எங்கே போகிறது?
– வாசகர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: வகுத்தலில் பிழையில்லை ஐயா. ஆனால் டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல.

நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைப்பார்கள். மீனம்பாக்கத்தில் முப்பது வருடம் அந்தக் கட்டையை வைத்து எடுத்தவன் நான். (ஊரார் சும்மா போடும் முட்டுக்கட்டையை இவர் சம்பளம் வாங்கிக்கொண்டு போட்டார் என்று வீட்டில் இன்றும் கேலி உண்டு.) இங்கே கட்டையை எடுத்து விமானம் நகர்வது முதல், தூத்துக்குடியின் விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் மறுபடி கட்டை வைப்பது வரைக்கும்தான் அந்த நேரம். காலை நெரிசலில் ஓடுபாதையின் முனையில் நான்கு விமானங்களுக்குப் பின்னால் நின்றால், கால் மணி நேரம் தரையிலேயே கரைந்துவிடும்.

அடுத்தது காற்று. விமானம் எதிர்காற்றில்தான் ஏறும், எதிர்காற்றில்தான் இறங்கும். சென்னையின் பெரிய ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காக இருக்கிறது. கடற்காற்று அடித்தால் கடலைப் பார்த்து ஏறி, பிறகு தெற்கே திரும்ப வேண்டும். வாகைக்குளத்தின் ஓடுபாதையும் கிழக்கு மேற்குதான். வடக்கேயிருந்து வரும் விமானம் நேரே போய் உட்கார முடியாது. ஒருபக்கம் சுற்றித்தான் ஆக வேண்டும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காற்று வீசும்போது கடல் பக்கம் போய் மேற்கு நோக்கி இறங்குவார்கள். அப்போது ஜன்னலோரம் இருந்தால் உப்பளங்கள் தெரியும்: பழுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக, வரப்பில் குவித்த உப்பு வரிசை வரிசையாக. எனக்கு அந்தச் சுற்று இன்னும் இரண்டு நிமிடம் நீண்டால்கூடச் சம்மதம்.

வாகைக்குளம் ஓடுபாதை 1,350 மீட்டராக இருந்தவரை ஏ.டி.ஆர். போன்ற சிறிய விமானங்கள்தான் அங்கே வர முடிந்தது. இப்போது 3,115 மீட்டர். 2025 ஜூலையில் புது முனையமும் திறந்துவிட்டார்கள். ஜெட் வந்தால் நேரம் பாதியாகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். இவ்வளவு குறைந்த தூரத்தில் அது ஏறி முடித்த சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். தரையில் ஊர்வதும் வரிசையில் நிற்பதும் அதற்கும் உண்டு.

அழைத்துப் போக யாராவது வண்டியோடு வருவதாக இருந்தால், டிக்கெட் நேரத்துக்கு மேல் இருபது நிமிடம் கூட்டிச் சொல்லுங்கள். பெட்டிக்காகக் காத்து நிற்கும் நேரம் எந்த டிக்கெட்டிலும் அச்சாவதில்லை.